பாதி காரை, பாதி காங்கிரீட்

கல்யாணமாகிப் பழவேற்காட்டுக்கு வந்த புதிதில் என் சோற்றுத் தட்டில் தினமும் சுண்ணாம்பு விழுந்தது. நிமிர்ந்து பார்த்தால் கழுத்து வலிக்கும் உயரத்தில் தேக்கு உத்திரங்கள். அவற்றின்மேல் நெருக்கமாகக் கட்டைகள். கட்டைகளுக்கு மேலே செங்கல்லைக் குத்தி நிறுத்திச் சுண்ணாம்புக் காரை ஊற்றிய மொட்டை மாடி. அந்தக் காரைதான் பொடிப்பொடியாக உதிர்ந்துகொண்டிருந்தது. குழம்புச் சட்டியை மூடி வைக்கலாம். சாப்பிடுகிற தட்டை எப்படி மூடுவது? என் மாமியார் இடது கையைத் தட்டின்மேல் குடைபோலப் பிடித்துக்கொண்டு வலது கையால் சாப்பிடுவார். அந்த வீட்டில் எல்லோருமே அப்படித்தான் சாப்பிட்டார்கள். கொஞ்ச நாளில் எனக்கும் அது பழகிவிட்டது. பொன்னேரியில் என்னைப் பெற்ற அத்தா வீட்டுக்குப் போனபோது அங்கேயும் தட்டின்மேல் கையைப் பிடித்தேன். என் தங்கை விழுந்து விழுந்து சிரித்தாள். எனக்கு எரிச்சலாக வந்தது.

அத்தா வீடு சின்ன வீடு. எழுபதுகளின் தொடக்கத்தில் கட்டியது. காங்கிரீட் தளம், சிவப்புச் சிமெண்ட் தரை, வீட்டுக்குள்ளேயே குளியலறையும் கக்கூஸும். ஒட்டடை அடிக்க ஒரு துடைப்பம் போதும். சுவரில் ஆணி அடித்தால் ஆணி நிற்கும். நான் அந்த வீட்டிலிருந்துதான் இந்த வீட்டுக்கு வந்தேன். இங்கே ஒரு நாள்காட்டி மாட்ட முடியவில்லை. சுவரில் ஒரு இடத்தில் அடித்தால் ஆணி வளைந்தது. இன்னொரு இடத்தில் அடித்தால் தாம்பாளம் அளவுக்குப் பூச்சு பெயர்ந்து காலடியில் விழுந்தது. கக்கூஸ் கொல்லைக் கோடியில் இருந்தது. மழைக்காலத்தில் முற்றமும் கொல்லையும் ஏரியோடு சேர்ந்துவிட்டதுபோல் ஆகிவிடும். புடவையை முழங்காலுக்குத் தூக்கிக்கொண்டு, தலையில் முறத்தைக் கவிழ்த்துக்கொண்டு போய் வர வேண்டும்.

ஊரில் அந்த வீட்டுக்கு ஒல்லாந்தர் வீடு என்று பெயர். ஒல்லாந்தர், அதாவது டச்சுக்காரர்கள், கட்டினார்களா என்று யாருக்கும் நிச்சயமாகத் தெரியாது. ஒல்லாந்துக்காரன் ஒருவன் சரக்கு வைத்திருந்த இடம் என்று சிலர் சொன்னார்கள். ஒல்லாந்தர் போன பிறகு அவர்கள் கோட்டையிலிருந்து கல்லைக் கொண்டுவந்து என் வீட்டுக்காரரின் முன்னோர் கட்டியது என்று வேறு சிலர் சொன்னார்கள். அந்தக் காலத்தில் அவர்கள் கப்பலில் துணி அனுப்பிய வியாபாரிகள். என் காலத்தில் எங்கள் வீட்டுக்காரர் கடைத்தெருவில் நைலான் நூலும் வலைக் கயிறும் விற்றுக்கொண்டிருந்தார். வாசலில் மட்டும் கட்டிப் பிடிக்க முடியாத பருமனில் உருண்டைத் தூண்கள் நின்றன. சுவர்களின் தடிமன் ஒரு கட்டில் அகலம். அந்தச் சுவர்கள் வெயிலை உள்ளே விடாது என்று எல்லோரும் பெருமையாகச் சொன்னார்கள். உள்ளே வந்துவிட்ட ஈரத்தையும் அவை வெளியே விடாது என்று யாரும் சொல்லவில்லை.

அப்போது ஒல்லாந்தர் கல்லறையைப் பார்க்க வெளியூரிலிருந்து ஆட்கள் வருவார்கள். எலும்புக்கூடு செதுக்கிய அதன் வாசலைப் படம் பிடித்து முடித்ததும், ஊர்க்காரர்கள் அவர்களை நேராக எங்கள் வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். ஒருமுறை சென்னையிலிருந்து ஒரு பேராசிரியர் மாணவர்களைக் கூட்டிக்கொண்டு வந்தார். டேப்பை இழுத்து வீடு முழுக்க அளந்தார்கள். அடுப்படிக்குள் வந்து என்னைத் தள்ளி நிற்கச் சொல்லிவிட்டு ஜன்னலை அளந்தார்கள். எங்கள் வீட்டுக்காரர் கடையை மூடிவிட்டு அவர்கள் பின்னாலேயே சுற்றினார். நான் அத்தனை பேருக்கும் டீ போட்டேன்.

போகும்போது பேராசிரியர் தூணைத் தடவிப் பார்த்துக்கொண்டே சொன்னார். "இந்த மாதிரி வீடு இனிமே கிடைக்காது. ஒரு கல்லைக்கூட மாத்திடாதீங்க. நீங்கள்லாம் குடுத்து வெச்சவங்க."

கதவுக்குப் பின்னால் நின்றிருந்த நான் வாயைத் திறந்துவிட்டேன். "கக்கூஸ மட்டும் உள்ள கட்டிக்கலாங்களா?"

 அது வீட்டின் அமைப்பைக் கெடுத்துவிடும் என்றார் அவர். எங்கள் வீட்டுக்காரர் தலையை ஆட்டினார். அன்று சாயங்காலம் மழையில் நான் முறத்தோடு கொல்லைக்குப் போனபோது வீட்டின் அமைப்பைப் பற்றி நினைத்துக்கொண்டே போனேன்.

வீட்டில் எங்களோடு இருந்தவர்கள் மாமியார், என் வீட்டுக்காரரின் அண்ணன், அண்ணன் மனைவி, அவர்களின் சின்னப் பிள்ளைகள். அண்ணனை நான் பெரியவர் என்றே சொல்வேன். அவர் எதிரில் நான் நின்று பேசும் வழக்கமில்லை. அவர் மனைவியை அக்கா என்று கூப்பிடுவேன். அக்காவுக்கு அந்தப் பழைய வீடு உயிர். அவருக்கு வெயில் ஆகாது, தலைவலி வந்துவிடும். நடுக்கூடத்துக் கல் தரையில் பாய்கூட விரிக்காமல் மத்தியானம் படுத்துக்கொள்வார். "ஏம்மா, இந்தத் தரை குளிர்ச்சிக்கு எத்தன ஃபேன் ஈடாவும்" என்பார். எனக்கோ அந்தக் கூடத்து வௌவால் நாற்றமே தலைவலி.

எழுபதுகளின் பிற்பாதியில் பெரியவருக்கு யோகம் அடித்தது. ஏரியில் பிடிக்கிற இறாலை வெளிநாட்டுக்கு அனுப்பும் கம்பெனிகள் போட்டி போட்டு வாங்க ஆரம்பித்தன. பெரியவர் அவர்களுக்கு இறால் சேர்த்துக் கொடுக்கும் ஏஜெண்ட் ஆனார். வாரத்துக்கு இரண்டு தடவை சென்னைக்குப் போய் வந்தார். அங்கே முதலாளிகளின் வீடுகளைப் பார்த்துவிட்டு வந்து எங்களிடம் வர்ணிப்பார். வளைவான பால்கனி, மொசைக் தரை, பூப்போட்ட கிரில். ஒருநாள் சாப்பாட்டு நேரத்தில், கையைக் குடையாகப் பிடித்தபடியே, "இத இடிச்சிட்டு காங்கிரீட்டா கட்டப் போறேன்" என்றார்.

எனக்குச் சந்தோஷத்தில் சோறு இறங்கவில்லை. அக்கா எழுந்து உள்ளே போய்விட்டார்.

அன்றிலிருந்து வீட்டில் வேறு பேச்சே இல்லை. இடிக்கலாமா கூடாதா என்று பெரியவர் கேட்பார். என் வீட்டுக்காரர், "செய்யலாம், ஆனா யோசிக்கணும்" என்பார். சரி, இடிக்க வேண்டாம் என்றால், "அப்படியே வுட்டுட முடியுமா" என்பார். நெஞ்சில் கை வைத்துச் சொல்கிறேன், இரண்டு வருஷத்துக்கு மேல் இந்த ஒரே பேச்சை நான் கேட்டேன். தனியாக இருக்கும்போது அவரிடம் மன்றாடினேன்.

"ஏங்க, உங்க அண்ணன் காசு போட்டுக் கட்டறேன்னு சொல்றாரு. சரின்னு சொன்னா இன்னா கொறஞ்சுடும்?"

"அந்த புரொபசர் இன்னா சொன்னாரு, கேட்டல்ல?"

"புரொபசர் நம்ம கொல்லைக்கு மழையில நடந்து போனாரா?"

"பாக்கலாம்," என்றார். எங்கள் குடும்பத்தில் பல காரியங்கள் அந்தச் சொல்லிலேயே நின்று போயிருக்கின்றன.

கடைசியில் பெரியவர் பொறுமை இழந்துவிட்டார். பள்ளிவாசல் ஜமாத்தில் மூத்தவர்கள் இருவரை வைத்துப் பேசி வீட்டை நடுவில் பிரித்துக்கொண்டார்கள். கிழக்குப் பாதி அண்ணனுக்கு. மேற்குப் பாதி தம்பிக்கு. அண்ணன் தன் பாதியை இடித்துக் கட்டிக்கொள்வார். தம்பி தன் பாதியை யோசித்துக்கொண்டிருப்பார். மாமியார் தம்பியோடு இருப்பார். இப்படி, காங்கிரீட் வீட்டுக்கு ஏங்கிய நான் ஒல்லாந்தர் பாதியில் மாட்டிக்கொண்டேன். ஒல்லாந்தர் வீட்டை நேசித்த அக்காவுக்குக் காங்கிரீட் பாதி போனது. எங்கள் இரண்டு பேரையும் யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. அக்கா இரண்டு நாள் அழுதார். நான் அழவில்லை. பாத்திரங்களை ஓங்கி ஓங்கி வைத்தேன்.

பொன்னேரிப் பக்கத்திலிருந்து ஒரு மேஸ்திரி வந்தார். எதைக் கேட்டாலும் சிரித்துக்கொண்டே பதில் சொல்கிற மனிதர். பழைய சுவரை ஒரு வாரத்தில் இடித்துவிடுவதாகச் சொன்னார். கடப்பாரை போட்டால் நெருப்புப் பொறி பறந்ததே தவிர, கல் அசையவில்லை. எனக்கு ஆணி அடிக்க இடம் தராத சுவர் அவருக்கும் இடம் தரவில்லை என்பதில் கொஞ்சம் ஆறுதல். மாதக்கணக்கில் இடித்தார்கள். எங்கள் பாதியில் எப்போதும் விழுகிற சுண்ணாம்போடு இந்தச் சுண்ணாம்பும் சேர்ந்து விழுந்தது. துவைத்துக் காயப்போட்ட துணி எல்லாம் மறுபடி வெள்ளையாயிற்று. இடித்த செங்கல் சின்னச் சின்னதாக, தட்டையாக இருக்கும். ஊரில் கேட்டவர்களெல்லாம் அள்ளிக்கொண்டு போனார்கள். ஒருவர் கோழிக் கூண்டு கட்டினார்.

சிமெண்ட் அப்போது நினைத்தபோது கிடைக்காது. பர்மிட் வேண்டும். பெரியவர் தாலுகா ஆபீசுக்கு அலைந்து பர்மிட் வாங்கினார். சிமெண்ட் வந்தபோது மேஸ்திரி வரவில்லை, வேறு ஊரில் வேலை எடுத்திருந்தார். மூட்டைகளை எங்கள் கூடத்தில் அடுக்கினார்கள். கடல் காற்றில் அவை கல்லாகிவிட்டன. மேஸ்திரி வந்தபோது சிமெண்ட் இல்லை. இப்படியே எண்பதுகள் பிறந்துவிட்டன.

மணல் வந்து இறங்கிய நாள் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. ஆற்று மணல் என்று சொல்லித்தான் கொட்டினார்கள். போய்ப் பார்த்தேன். உள்ளே சின்னச் சின்னச் சிப்பிகள் மின்னின.

"மேஸ்திரி, இது ஆத்து மணலா? சிப்பி இருக்குதே."

"சிப்பி இருந்தா நல்லதும்மா," என்றார் சிரித்துக்கொண்டே. "சுண்ணாம்பே சிப்பிலேந்துதான வருது. பலம் கூடத்தான் கூடும்."

நான் வீட்டுக்காரரிடம் சொன்னேன். அது அண்ணன் பாதி, நாம் தலையிடக் கூடாது என்றார். பெரியவரிடம் நான் பேசக் கூடாது. அக்காவிடம் சொன்னேன். அக்கா பெரியவரிடம் சொன்னார். பெரியவர், "மேஸ்திரிக்குத் தெரியாததா ஒங்களுக்குத் தெரியும்" என்று முடித்துவிட்டார்.

காங்கிரீட் போட்ட பிறகு தளத்தின்மேல் மண்ணால் வரப்பு கட்டித் தண்ணீர் தேக்க வேண்டுமாம். அப்போதுதான் தளம் இறுகுமாம். அதற்கு நல்ல தண்ணீர் எங்கே போவது? குடிக்கிற தண்ணீரையே தூரத்திலிருந்து எடுத்து வந்துகொண்டிருந்தோம். ஆகவே எங்கள் கொல்லைக் கிணற்று உப்புத் தண்ணீரைத்தான் சித்தாள் பெண்கள் குடம் குடமாக மேலே ஏற்றினார்கள். அந்தத் தண்ணீரில் பருப்பு வேகாது, சோப்பு நுரைக்காது. வீடு மட்டும் அதில் நன்றாக வளரும் என்று எல்லோரும் நம்பினார்கள்.

ஒருவழியாகக் கட்டி முடித்தார்கள். வளைவு பால்கனி வைத்தார்கள். கிரில்லுக்கு ஆகாய நீலம் அடித்தார்கள். பாத்திஹா ஓதி ஊருக்கே பிரியாணி போட்டார்கள். நான் நேராகப் போய்ப் பார்த்தது குளியலறையைத்தான். வெள்ளை ஓடு பதித்து, குழாய் வைத்து, பக்கத்திலேயே கக்கூஸ். கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே கொஞ்ச நேரம் சும்மா நின்றேன்.

வீட்டைப் பிரித்த இடத்தில் இரண்டு பாதிக்கும் நடுவே ஒற்றைச் செங்கல் கனத்தில் ஒரு சுவர் எழுப்பியிருந்தார்கள். கதவு வைக்கவில்லை. பிரித்தால் முழுக்கப் பிரிக்க வேண்டும் என்று பெரியவர் சொல்லிவிட்டார். அந்தச் சுவர் வழியாக அவர் ரேடியோ எங்களுக்குக் கேட்கும். பழைய மாடி உயரம், புதுத் தளம் தாழ்வு. இரண்டும் சேர்கிற இடத்தில் சுண்ணாம்பும் சிமெண்டும் ஒட்டவே இல்லை. முதல் ஐப்பசி மழையில் அந்த இடைவெளி வழியாகத் தண்ணீர் இறங்கியது. எங்கள் பக்கமும் ஒழுகியது, அவர்கள் பக்கமும் ஒழுகியது.

பழைய சுவர் தண்ணீரைக் குடித்துக் கக்குகிறது என்றார் பெரியவர். புதுத் தளத்தில் தண்ணீர் ஓடும் வாட்டம் சரியில்லை என்றார் என் வீட்டுக்காரர். வாழ்க்கையில் அவர் ஒரு விஷயத்தில் உறுதியாகப் பேசியது அன்றுதான். அதற்குப் பிறகு அண்ணன் தம்பி பேச்சு நின்றுவிட்டது. இரண்டு பக்கமும் அண்டா வைத்தோம். சொட்டுகிற சத்தம் சுவருக்கு இரண்டு புறமும் கேட்டது. யாரும் மாடி ஏறிப் பார்க்கவில்லை. ஏறினவர் தன் மேல்தான் தப்பு என்று ஒப்புக்கொண்டது ஆகிவிடுமே.

வெயில் காலத்தில் வேறு கதை. பெரியவர் வீட்டுத் தளம் காலையிலேயே காய்ந்து, மத்தியானம் அடுப்புபோல் ஆகிவிடும். மின்விசிறி சூட்டைத்தான் சுழற்றிவிடும். அக்கா ஈரத் துணியைத் தலையில் கட்டிக்கொண்டு தெருவழியாகச் சுற்றி எங்கள் கூடத்துக்கு வருவார். நான் குளிப்பதற்குத் தெருவழியாகச் சுற்றி அவர்கள் வீட்டுக்குப் போவேன். பாதி வழியில் எதிரும் புதிருமாகச் சந்தித்துக்கொள்வோம். தலையில் ஈரத் துணியோடு அவரும், கையில் மாற்றுப் புடவையோடு நானும். சிரிப்பதா திட்டுவதா என்று தெரியாது.

இதில் அதிகமாகக் கஷ்டப்பட்டவர் மாமியார். அவருக்கு முழங்கால் விட்டுப்போயிருந்தது. கொல்லைக் கோடி வரை நடக்க முடியவில்லை. பெரிய மகன் வீட்டு கக்கூஸ்தான் வசதி. ஆனால் அதற்குத் தெருவில் இறங்கி, அடுத்த வாசலில் ஏற வேண்டும். கல்யாணமாகி வந்த நாளிலிருந்து பகலில் தெருவில் நின்றறியாத மனுஷி அவர். தினம் பல தடவை முக்காடு போட்டுக்கொண்டு, என் தோளைப் பிடித்துக்கொண்டு, கடைத்தெரு ஜனங்களுக்கு நடுவில் கக்கூஸுக்குப் போய் வந்தார். ஒரு கதவு வைக்கச் சொல்லி இரண்டு மகன்களிடமும் கேட்டார். பெரியவர், "தம்பி வந்து கேக்கட்டும்" என்றார். என் வீட்டுக்காரர், "பாக்கலாம்மா" என்றார்.

அடுத்த மழைக்காலம். ஒரு வெள்ளிக்கிழமை, ஜும்மா நேரம். ஆண்கள் எல்லோரும் பள்ளிவாசலுக்குப் போயிருந்தார்கள். நான் மாமியாரைக் குடையில் அழைத்துக்கொண்டு இறங்கினேன். தெருவில் சேறு. இரண்டு வாசலுக்கும் நடுவில் வந்ததும் மாமியார் என் தோளிலிருந்து கையை எடுத்தார். வழுக்கி விழப்போகிறாரோ என்று நான் பதறிப் பிடிக்கப் போனேன். அவர் விழவில்லை. மெதுவாக, இஷ்டப்பட்டு, அந்தச் சேற்றிலேயே உட்கார்ந்துவிட்டார்.

"மாமி, எந்திரிங்க. இன்னா இது, நடுத்தெருவுல."

"எந்திரிக்க மாட்டேன்."

"நனையுறீங்க மாமி."

"நனையட்டும். அந்தச் சொவர ஒடைங்கடி. அப்பறம் எந்திரிக்கறேன்."

சத்தம் கேட்டு அக்கா ஓடிவந்தார். அவர் கெஞ்சினார். நான் கெஞ்சினேன். மாமியார் முக்காட்டை இழுத்து விட்டுக்கொண்டு எதிரே பார்த்தபடி உட்கார்ந்திருந்தார். மழை கொட்டிக்கொண்டிருந்தது. அந்த நேரத்தில் லைட்ஹவுஸ் குப்பத்திலிருந்து படகில் வந்து எங்கள் தெருவில் மீன் விற்கும் பெண் கூடையோடு வந்து நின்றார். என்ன விஷயம் என்று கேட்டார். ஒரே மூச்சில் சொன்னேன்.

"இவ்ளோதானா," என்று கூடையை இறக்கி வைத்தார். "எங்களுக்குக்கூட கவர்மெண்ட்டுல காங்கிரீட் வூடு கட்டிக் குடுத்தாங்க. கால நீட்டப் போதல. வலைய உள்ள வெச்சிட்டு நாங்க வெளிய படுத்துகினு கீறோம். வூடு கட்றவன் எவனாவது அதுல இருக்கப் போறவள கேக்கறானா? கடப்பாரை இருக்குதாம்மா?"

மேஸ்திரி விட்டுப்போன கடப்பாரை அக்கா வீட்டு மாடிப்படிக்குக் கீழே கிடந்தது. அக்கா என்னைப் பார்த்தார். நான் அக்காவைப் பார்த்தேன். "எடுத்துனு வரேன்" என்று அக்காதான் முதலில் நகர்ந்தார். எனக்கு ஆச்சரியமாக இருந்தது. புருஷன் முன்னால் குரல் உயர்த்தாதவர்.

மீன்காரப் பெண் அக்கா வீட்டுப் பக்கத்திலிருந்து கடப்பாரையால் குத்தினார். நான் எங்கள் பக்கத்திலிருந்து உலக்கையால் இடித்தேன். அந்தச் சுவர் எதிர்க்கவே இல்லை. சில இடிகளிலேயே ஒரு கல் உதிர்ந்தது. ஓட்டை வழியாக அக்காவின் முகம் தெரிந்தது. பிறகு பொலபொலவென்று கொட்டியது. கல்லுக்கு நடுவில் இருந்த கலவை விரலால் சுரண்டினாலே வந்தது. அதில் சிப்பிகள் அப்படியே இருந்தன. இத்தனை நாள் இதைச் சுவர் என்று நினைத்துச் சுற்றிக்கொண்டிருந்தோமே என்று எனக்குத் தாங்க முடியாத கோபம் வந்தது. ஆள் நுழைகிற அளவுக்கு வந்த பிறகும் நான் இடித்துக்கொண்டே இருந்தேன். "போதும்மா, வூடே வுழுந்துடப் போவுது" என்று மீன்காரப் பெண் என் கையைப் பிடித்து நிறுத்தினார்.

மூன்று பேரும் போய் மாமியாரைத் தூக்கினோம். அவர் எங்கள் வாசல் வழியாக உள்ளே வந்து, ஓட்டையில் குனிந்து நுழைந்து, நேராகப் பெரிய மகனின் குளியலறைக்குப் போனார். அக்கா மீன்காரப் பெண்ணின் கூடையிலிருந்த மடவை மீன் மொத்தத்தையும் வாங்கிக்கொண்டார்.

தொழுகை முடிந்து ஆண்கள் வந்தார்கள். பெரியவர் அவர் பக்கத்திலிருந்து ஓட்டைக்கு முன்னால் வந்து நின்றார். என் வீட்டுக்காரர் எங்கள் பக்கத்திலிருந்து வந்து நின்றார். பல மாதங்களுக்குப் பிறகு அண்ணனும் தம்பியும் நேருக்கு நேராகப் பார்த்துக்கொண்டார்கள்.

"யாரு ஒடச்சது?" என்று பெரியவர் கேட்டார்.

"நாந்தான்," என்றார் அக்கா.

"நாந்தான்," என்று நானும் உள்ளேயிருந்து சொன்னேன்.

"நான் ஒடைக்கச் சொன்னேன்," என்றார் மாமியார், தலையைத் துவட்டிக்கொண்டே. "மீன் கொழம்பு கொதிக்குது. சாப்ட வாங்க."

 அடுத்த வாரம் பெரியவர் அனுப்பிய தச்சர் ஒருவர் வந்து அந்த ஓட்டைக்குக் கதவு நிலை வைத்துவிட்டுப் போனார். கதவு மாட்டவில்லை. என் வீட்டுக்காரர் அந்த நிலையைத் தட்டிப் பார்த்துவிட்டு, "நான் அப்பவே நெனச்சேன், இங்க ஒரு வழி வெக்கணும்னு" என்றார். நான் அடுப்படிக்குப் போய்விட்டேன். இருந்திருந்தால் ஏதாவது சொல்லியிருப்பேன்.

அதற்குப் பிறகு கொஞ்ச காலம் நன்றாகவே ஓடியது. மத்தியான வெயிலில் எல்லோரும் ஒல்லாந்தர் கூடத்துக்கு வந்துவிடுவோம். குளிப்பது, துவைப்பது, மழைக்காலப் படுக்கை எல்லாம் காங்கிரீட் பக்கம். சண்டை போட்டுப் பிரித்த வீட்டை வேளைக்கு வேளை சேர்த்துக்கொண்டோம். எனக்குச் சந்தோஷம் என்று சொல்ல முடியாது. பெருக்க வேண்டிய தரை இரண்டு மடங்காகிவிட்டது.

எண்பதுகளின் நடுவில் காங்கிரீட் தளத்தில் பழுப்பாகக் கோடுகள் தெரிய ஆரம்பித்தன. மணலிலும் தண்ணீரிலும் இருந்த உப்பால் உள்ளே கம்பி துருப்பிடித்து வீங்கிக்கொண்டிருந்தது. பெரியவர் பெயிண்ட் அடித்து மறைத்தார். ஒருநாள் காலை, பால்காரர் கூப்பிட்டாரென்று அக்கா கட்டிலை விட்டு எழுந்து வெளியே வந்தார். பின்னால் மூட்டை விழுந்ததுபோல் சத்தம். தலையணை இருந்த இடத்தில் தளத்தின் ஒரு பாளம் விழுந்து கிடந்தது. மேலே கம்பிகள் விலா எலும்புபோல் தெரிந்தன. அக்கா பால் பாத்திரத்தோடு வாசற்படியிலேயே உட்கார்ந்துவிட்டார். அன்று பெரியவர் தன் படுக்கையைச் சுருட்டிக்கொண்டு எங்கள் கூடத்துக்கு வந்தார். என் வீட்டுக்காரர் தன் பாயை ஓரமாக நகர்த்தி இடம் கொடுத்தார். மனசார நல்லவர்தான். முடிவெடுக்கத்தான் வராது.

மேஸ்திரிக்கு ஆள் அனுப்பினார்கள். அவர் அதே சிரிப்போடு வந்து, தளத்தைக் கோலால் தட்டிப் பார்த்தார். பிறகு எங்கள் பக்கத்து உத்திரத்தையும் தட்டினார். பொத்தென்று கேட்டது. ஒரு முனையைக் கரையான் தின்றிருந்தது.

"ரெண்டும் சரியில்ல," என்றார். "ஆனா ஒண்ணு. இந்தப் பழசு பக்கத்துல கீதே, அதனாலதான் ஈரம் ஏறி புதுசு கெட்டுப்போச்சு. இதயும் இடிச்சிட்டு ஒரே தளமா போட்டுட்டா ஒரு பிரச்சனையும் வராது."

சிப்பியைப் பற்றி அவருக்கு ஞாபகப்படுத்தினேன். அப்போது மணல் அப்படித்தான் கிடைத்தது என்றார்.

பெரியவருக்கு மனம் விட்டுப்போயிற்று. பிள்ளைகளின் காலேஜைக் காரணம் சொல்லிப் பொன்னேரியில் ரயில்வே ஸ்டேஷனுக்குப் பக்கத்தில் வேறொருவர் கட்டிய வீட்டை வாங்கினார். அக்கா போவதற்கு முன் கூடத்துத் தரையில் கடைசியாக ஒரு மத்தியானம் படுத்துத் தூங்கினார். நான் எழுப்பவில்லை. வண்டிக்காரரைத்தான் காத்திருக்கச் சொன்னேன்.

புறப்படும்போது பெரியவர் தன் பாதியின் சாவியைத் தம்பியிடம் நீட்டினார். "இந்தப் பக்கத்தயும் நீயே வெச்சுக்கோ. தளத்தப் பிரிச்சு மறுபடி போட ஆள் சொல்லி இருக்கேன், செலவு என்னோடது. இல்ல, ரெண்டையும் இடிக்கறதானாலும் சரி. இன்னா செய்யலாம்னு சொல்லு."

என் வீட்டுக்காரர் சாவியை வாங்கவில்லை. மேலே உத்திரத்தைப் பார்த்தார். நடுவாசலைத் தாண்டித் தெரிந்த கம்பிகளைப் பார்த்தார். அவர் வாய் திறப்பதற்குள் எனக்குத் தெரிந்துவிட்டது என்ன சொல்லப் போகிறார் என்று. இத்தனை வருஷத்தில் முதல் தடவையாக நான் பெரியவர் எதிரில் போய் நின்றேன்.

"சாவிய எங்கிட்ட குடுங்க. தளத்தப் பிரிச்சுப் போட நாளைக்கே ஆள் வரட்டும். மணல் வந்ததும் நான் பாத்துட்டுத்தான் எறக்கணும். குடிக்கிற தண்ணியிலதான் கலக்கணும், நானே கொண்டுவந்து குடுக்கறேன்."

பெரியவர் ஒரு நிமிஷம் தடுமாறினார். பிறகு சாவியை என் கையில் வைத்தார். "அந்தப் பக்கம்?" என்று பழைய பாதியைக் காட்டிக் கேட்டார்.

"அத உங்க தம்பி யோசிச்சு முடிவு பண்ணட்டும்," என்றேன்.

புதுத் தளம் தை மாதத்தில் போட்டார்கள். மூன்று லாரி மணலைத் திருப்பி அனுப்பினேன். மேஸ்திரி என்னைப் பற்றி ஊரெல்லாம் புலம்பினாராம். அந்தத் தளம் ஒழுகவில்லை. அடுப்படியை அந்தப் பக்கம் மாற்றிக்கொண்டேன். பழைய பாதியின் உத்திரத்துக்கு ஒரு பனைமரத் துண்டை முட்டுக் கொடுத்து நிறுத்தியிருந்தோம், தற்காலிகமாக. நான் அந்தப் பனைத் துண்டைச் சுற்றித்தான் இன்றைக்கும் பெருக்குகிறேன்.